உச்ச அளவுக் கூண்டில் பனியன் துணி

திருப்பூரில் பத்து வருடம் குடியிருந்தவர்களிடம் எந்தக் கெடுதலைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: சாயம். கிணற்றுத் தண்ணீர் கெட்டதா, சாயம். தென்னை குரும்பையிலேயே உதிர்கிறதா, சாயம். பிள்ளைக்குக் கையில் சொறி வந்ததா, அதற்கும் சாயம். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனாலேயே அந்தப் பதிலை யாரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. எலி ரத்தத்தைப் பார்த்து மருந்தின் குணம் சொல்லும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் சொல்ல என்னிடம் வெற்றிக் கதைகளும் உண்டு. அவற்றை எனக்குப் பிரிவுபசார விழா நடத்தியவர்களே மேடையில் சொல்லிவிட்டார்கள். இது அவர்கள் சொல்லாதது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்களில் நடந்தது. பல்லடம் சாலையில் ஒரு சிறிய ஆய்வகம். முதலாளி பனியன் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட வயதில் இளையவர். ஏற்றுமதிக்குப் போகும் துணியில் தடை செய்யப்பட்ட சாயம் இருக்கிறதா என்று சோதிப்பதற்காகத்தான் அதைத் தொடங்கினார். பிறகு ஆசை பெருகி, மாடியில் எலி அறை கட்டினார். மருந்து கம்பெனிகளுக்கு நச்சுச் சோதனை செய்து கொடுக்கும் வேலையை எடுத்தார். கால்நடை மருத்துவம் படித்து, ஸ்லைடு பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டிருந்த என்னை அதற்குப் பொறுப்பாளர் ஆக்கினார். எனக்கு ஊர் குண்டடம் பக்கம். ஆட்டையும் மாட்டையும் பார்த்து வளர்ந்தவள் எலியிடம் வந்து சேர்ந்தேன்.

எங்களிடம் வந்த பெரிய வேலை ஒரு புதிய ஆன்டிபயாடிக். அந்த மருந்து சேர்ந்த குடும்பத்துக்கே ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. கிருமியை அடக்குவதோடு நிற்காமல், எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து ரத்த அணுக்கள் உண்டாவதையும் அடக்கிவிடும். தங்கள் மருந்துக்கு அந்தக் குணம் கிடையாது என்று கம்பெனி நம்பியது. எலிகளுக்கு நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பாதியில் ஒரு முறை ரத்தம் பார்த்து இடைக்கால அறிக்கை தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்பதாக இருந்தார்கள். ஆக, என் கையெழுத்துக்கு அந்தப் பக்கத்தில், யாரென்று தெரியாத சில மனிதர்கள் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் யாரும் அவர்களைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

எலிகள் நான்கு குழு. ஒன்றுக்கு மருந்தே கிடையாது. மற்ற மூன்றுக்கும் குறைந்த அளவு, நடு அளவு, உச்ச அளவு. ரத்தம் எடுத்தது எப்படி, எண்ணியது எப்படி என்பதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. இரண்டாம் வாரக் கடைசியில் கணக்கு வந்தபோது உச்ச அளவுக் குழுவில் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. வெள்ளை அணுவும் கொஞ்சம் குறைவு. மற்ற குழுக்கள் ஏறக்குறைய சரி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இயல்பாகவே ஒரு இடத்தில் உட்காராத ஜென்மம் நான். மைக்ராஸ்கோப் முன்னால் மட்டும்தான் அடங்கி உட்காருவேன். கணக்கு வந்ததிலிருந்து இரண்டு நாள் அங்கேயும் உட்காரவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். கழுவிய டியூபுகளை மறுபடி கழுவினேன். முதலாளி மணிக்கொரு தரம் கதவைத் திறந்து, ஏதாவது தெரிந்ததா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போவார். கருவி கோளாறா, ரத்தம் உறைந்ததா, எடுத்தவர் கை தவறியதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம். எந்தக் காரணமாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். வேலையில் அதைவிட ஆபத்தான நேரம் வேறில்லை.

வெள்ளிக்கிழமை காலை எலி அறைக்குப் போனேன். உச்ச அளவுக் கூண்டுகள் இருந்த மேல் வரிசையின் தட்டில் ஒரு நீலப் பனியன் துண்டு கிடந்தது. அதில் உமியும் எலிப் புழுக்கையும் ஒட்டியிருந்தன. கட்டிங் வேஸ்ட் என்று சாக்கில் விற்குமே, அந்தத் துணி. திருப்பூரில் மெஷின் துடைக்க, தரை துடைக்க, கை துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

எலிகளைப் பராமரித்தவள் ஜெபமணி. திசையன்விளை பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்து வந்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை கால் வலிக்கிறது என்று எங்களிடம் வந்து சேர்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேச மாட்டாள். அவள் கூண்டு கழுவினால் நான் திரும்பப் போய்ப் பார்த்ததில்லை, அத்தனை சுத்தம்.

"ஜெபமணி, கூண்டுக்குள்ள பனியன் துணி போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேன் மேடம்" என்றாள் உடனே. "மேல் வரிசையில மட்டும். அதுங்களுக்குத்தான் வயித்தால போவுது. உமியெல்லாம் நனைஞ்சு ஈரத்துல கெடந்துச்சு."

ஆன்டிபயாடிக் கொடுத்தால் எலிக்கு வயிறு கெடுவது எதிர்பார்த்ததுதான். உச்ச அளவுக்கு அதிகமாகவே கெட்டிருந்தது. அவள் இரக்கப்பட்டு, காய்ந்த துணி போட்டு அவற்றைப் படுக்க வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் போட்டது தப்பு. அதை இன்றைக்கும் தப்பென்றுதான் சொல்வேன். சோதனையில் ஒரு கூண்டுக்குச் செய்வதை எல்லாக் கூண்டுக்கும் செய்ய வேண்டும், முடியாவிட்டால் எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் என் மண்டைக்குள் அந்த நிமிடமே எல்லாம் பொருந்திவிட்டது. சில சாயங்களில் இருக்கும் ரசாயனம் வயிற்றுக்குள் போனால் சிவப்பணுவை உடைக்கும். எலி எதையும் கடிக்கும். துணி கிடந்த கூண்டில் ரத்தம் குறைவு, துணி இல்லாத கூண்டில் ரத்தம் சரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். படி இறங்கும்போது ஓடினேன்.

முதலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. மருந்தின் மேல் தப்பில்லை, துணியின் மேல்தான் என்றால் கம்பெனி எங்களை விட்டுப் போகாது. நான் நிற்கும்போதே தொலைபேசியில் அவர்களுக்குச் சொல்லிவிட்டார். பராமரிப்பில் நடந்த பிழை, ஆளை மாற்றுகிறோம், திங்கட்கிழமை கையெழுத்தோடு கடிதம் வரும் என்றார். ரிசீவரை வைத்ததும், ஜெபமணியை இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடலாமா என்று என்னைக் கேட்டார். நான் அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிதம் எழுத வேண்டும் என்று என் அறைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் கணக்கு முடித்துக் கொடுத்த பிறகு ஜெபமணி டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு என் கதவருகே வந்து நின்றாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், அப்புறம் என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை கடிதம் முடிந்துவிட்டது. அட்டவணையில் ஒரே ஒரு பத்தி மட்டும் காலி: இளம் சிவப்பணுக்கள். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சிவப்பணு அது. தனியாக நிறமேற்றி, ஸ்லைடில் ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ண வேண்டும். கருவி தந்த எண்கள் கையில் இருந்ததால், கண்ணை உடைக்கும் அந்த வேலையைத் தள்ளிப் போட்டிருந்தேன். ஸ்லைடுகள் ரத்தம் எடுத்த அன்றே தயாராகிப் பெட்டியில் தூங்கின. விடை தெரிந்துவிட்டதே, இனி எதற்கு என்று அலட்சியம். காலிப் பத்தி பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதை நிரப்பிவிடலாம் என்று மட்டும்தான் உட்கார்ந்தேன். இதைவிட மேலான எண்ணம் ஏதும் எனக்கு இருந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவர் மாட்டுக்கு ரத்தம் குறைந்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கச் சொல்வார். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் அடியில் ஓட்டையா, மேலே குழாய் நின்றுபோனதா? ஓட்டையென்றால் குழாய் முன்னைவிட வேகமாகக் கொட்டும். உடம்பு அப்படித்தான். சிவப்பணு உடைந்து போனால் மஜ்ஜை பதறிப்போய் இளம் அணுக்களை அள்ளி அனுப்பும். சாயம் அணுவை உடைத்திருந்தால், உச்ச அளவுக் குழுவின் ஸ்லைடில் இளம் அணு நிறைய இருக்க வேண்டும்.

இல்லை. தேடித் தேடிப் பார்த்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கண்ணில் பட்டது. உடைபட்ட அணுவின் அடையாளமும் இல்லை. குழாய் நின்றிருந்தது.

எழுந்துவிட்டேன். மொட்டை மாடிக்குப் போய் நடந்தேன். இறங்கி வந்து டீ குடித்தேன், அது என்ன ருசி என்று தெரியவில்லை. ஒருவேளை ஸ்லைடு சரியாக நிறமேறவில்லையோ, ஒருவேளை எனக்குக் கண் அசந்ததோ என்று மனம் தப்பிக்க வழி தேடியது. பாருங்கள், முந்தின நாள் துணியைக் கண்டபோது ஒரு ஒருவேளை கூட வரவில்லை.

திரும்ப உட்கார்ந்து நடு அளவுக் குழுவை எடுத்தேன். அந்தக் குழுவுக்கு ஹீமோகுளோபின் இன்னும் இறங்கவில்லை. வயிறும் அதிகம் கெடவில்லை. அதனால் ஜெபமணி அந்தக் கூண்டுகளில் துணியே போடவில்லை. அவற்றிலும் இளம் அணுக்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. துணி தொடாத எலிக்கும் மஜ்ஜை அடங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் போனால் அவற்றின் ரத்தமும் இறங்கும்.

அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு, ஸ்லைடுகளின் எண்களைக் காகிதம் ஒட்டி மறைத்து, கலைத்துக் கொடுக்கச் சொன்னேன். எது எந்தக் குழு என்று தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி எண்ணினேன். காகிதத்தைப் பிரித்தபோது கணக்கு மாறவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை; மருந்து ரத்தத்தைக் குறைத்த அதே கூண்டில் துணியும் கிடந்திருக்கிறது. அந்தத் துணி அங்கே வரக் காரணமே மருந்துதான். மருந்து வயிற்றைக் கெடுத்தது, கெட்ட வயிறு உமியை நனைத்தது, நனைந்த உமி ஒரு இரக்கமுள்ள பெண்ணின் கையில் துணியை எடுக்க வைத்தது. நான் கடைசியில் நின்றவளைப் பிடித்துக்கொண்டு, முதலில் நின்றதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்தவர்கள் என்னோடு பேசுவதை மத்தியானத்துக்குள் நிறுத்திக்கொண்டார்கள். தப்பை ஒத்துக்கொள்ள வெட்கம், ஒத்துக்கொள்ளாவிட்டால் பயம், இரண்டுக்கும் நடுவில் அலைந்தேன். வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடவில்லை என்றேன். இளம் அணுக் கணக்கை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம்" என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமை ஒண்ணு சொல்றீங்க, திங்கக்கிழமை ஒண்ணு சொல்றீங்க. நான் எந்த மேடத்த நம்பறதுங்க?"

"திங்கக்கிழமை மேடத்த நம்புங்க. அவ எண்ணிப் பாத்துட்டு வந்திருக்கறா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறீர்களே என்று கொஞ்ச நேரம் புலம்பினார். துணி போட்டது நடந்த விஷயம்தானே, அதை மட்டும் எழுதி அனுப்பினால் பொய்யாகாதே, மீதியை நான்கு வாரம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாமே என்று வழி காட்டினார். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். இந்த மாதிரி யோசனைகள் எப்போதும் முக்கால் பங்கு நியாயமாகத்தான் இருக்கும். நான்கு வாரம் முடிவதற்குள் அவர்கள் விண்ணப்பம் போட்டுவிடுவார்கள் என்றேன். அந்த மாத்திரையை நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது கொடுப்பீர்களா என்றும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கு நிதானம் இல்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மெல்ல, "எங்கூட்ல ஆருக்கும் குடுக்க மாட்டனுங்க" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை மாற்றி எழுதினேன். துணி போட்டதையும் மறைக்கவில்லை. ரத்தம் குறைந்ததற்கு அது காரணமல்ல, மஜ்ஜையை மருந்துதான் அடக்குகிறது என்று கணக்கோடு எழுதினேன். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்ன முடிவு ஆய்வாளரான என் அவசரத்தால் நேர்ந்த பிழை என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். நான்கு வாரம் முடிந்து மஜ்ஜையையே எடுத்துப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கம்பெனி விண்ணப்பத்தை நிறுத்தி வைத்ததாக முதலாளி சொன்னார். அவர்கள் திரும்ப எங்களிடம் வரவில்லை. அந்த மருந்து பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

கதையை இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது. அறிக்கை சரியாகிவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் கூண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் டிபன் கேரியரோடு நின்றவள் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தாள். முகவரி விசாரித்துக்கொண்டு வீரபாண்டிக்குப் போனேன். திருப்பூரில் வேலை போனவர்கள் மறுநாளே வேறு வாசலில் நிற்பார்கள். அவளும் ஒரு பனியன் கம்பெனியில் மறுபடி செக்கிங் மேசைக்கே போயிருந்தாள். டீ நேரத்தில் வாசலுக்கு வந்தாள். கையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், எலிகள் நன்றாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் கேட்டாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தப்பு என் மேல்தான் என்றேன். முதலாளி சம்மதித்துவிட்டார், நாளைக்கே வேலைக்கு வந்துவிடலாம் என்றேன். பேச்சோடு பேச்சாக, கூண்டில் போட்டது என்ன துணி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"சாயம் ஏத்தாத கோராத் துணிதான் மேடம்" என்றாள். "எலி எல்லாத்தையும் கடிக்கும்லா. சாயத் துணிய எப்படிப் போடுவேன்? அந்த நீலத் துணி தட்டுத் தொடைக்கதுக்கு வச்சிருந்தது."

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க கையக் காட்டுனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, தெருவில் நின்று அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். திரும்ப வா என்று மறுபடி கூப்பிட்டேன். நின்று வேலை பார்த்தால் கால் வலிக்குமே என்று அவள் காலைக் காட்டியும் கெஞ்சினேன்.

"வலிக்கத்தான் செய்யுது" என்றாள். "ஆனா இங்க நான் டேமேஜ்னு ஸ்டிக்கர் ஒட்டுனா பீஸத்தான் மேடம் பாக்காங்க. அங்க நீங்க பீஸப் பாக்கல, என்னையப் பாத்தீங்க."

  உள்ளே மணி அடித்தது. போகத் திரும்பியவள் நின்றாள்.

"ஒண்ணு மட்டும் செய்ங்க மேடம். அங்க வேலை பாக்கவங்ககிட்ட, ஜெபமணி மருந்தக் கெடுக்கலன்னு சொல்லுங்க. நான் கெளம்புனப்ப ஒருத்தரும் எம் மூஞ்சியப் பாக்கல."

மறுநாள் காலை எலி அறையில் வேலை செய்த எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன்.  கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கூண்டு கழுவும் பெரியவர் ஒருவர், அப்புறம் எதுக்குங்க மேடம் அந்தப் புள்ளைய அனுப்புனீங்க என்று கேட்டார். அவள் பேச வந்தாள், நான் கேட்கவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் புதிதாக வந்த எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். சிலர் கொட்டாவி விட்டார்கள், பரவாயில்லை. இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன். ஜெபமணி மருந்தையும் கெடுக்கவில்லை, சோதனையையும் கெடுக்கவில்லை. கெடுக்கப் பார்த்தவள் நான்.